காணவில்லை என்று யார் சொல்வது?

சென்னையிலிருந்து தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில் கிளை விடுகிறது. நேரே போனால் விழுப்புரம், திருச்சி. கிழக்கே கிளியனூர் வழியாகப் புதுச்சேரி. மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. வானூர் வட்டத்து ஆரோவில்லுக்கோ ரமணாசிரமத்துக்கோ முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டுப் பெண்களில் பலர் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். மரக்காணம், மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போய் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் இங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுவேலைக்குப் புறப்படும் பெண்ணும் புது டிராலிப் பெட்டியோடு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வண்டி பிடிப்பது இங்கிருந்துதான். இரவு வண்டிகளில் பல ஊருக்குள் வருவதில்லை. மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த இருட்டில் நிற்பவளிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதால் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை.

மூவருமே தனியாகப் பயணம் செய்யும் பெண்கள்தாம். ஆனால் 'தனியாகப் பயணிக்கும் பெண்' என்று படித்ததும் நம் மனத்தில் வருவது முதலாமவள் மட்டும். மற்ற இருவரை 'வேலைக்குப் போனவள்' என்கிறோம். ஒருத்தி காணாமல் போகும்போது நடக்கும் எல்லாவற்றையும் இந்தப் பாகுபாடு பாதிக்கிறது.

இத்தகைய செய்தி வந்தவுடன் அறிவுரைகள் கிளம்பும். தனியாக ஏன் போனாள், இருட்டிய பிறகு ஏன் வெளியே வந்தாள், முன்பின் தெரியாதவனை ஏன் நம்பினாள். எச்சரிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் பொதுவெளியில் உள்ள வழக்கு விவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், முடிவைத் தீர்மானித்தது பெரும்பாலும் வேறொன்று. அவள் வரவில்லை என்பது யாருக்கு, எத்தனை நாளில் உறைத்தது? உறைத்தவர் சொன்னதை யார் எழுதிக்கொண்டார்கள்? தேடுபவர் கையில் என்ன தாள் இருந்தது?

நமக்கு அருகில் நடந்த, விவரங்கள் முழுமையாக வெளிவந்த வழக்கு கோவளத்துடையது. அயர்லாந்தில் வசித்த லாட்வியப் பெண் ஒருவர், வயது 33, மனச்சோர்வுக்கு ஆயுர்வேத சிகிச்சை பெறுவதற்காகத் தன் சகோதரியுடன் 2018 பிப்ரவரியில் கேரளம் வந்தார். (பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது நம் சட்டம். உலகமே அவர் பெயரை அச்சிட்ட பிறகும் அதை மதிப்பதில் தவறில்லை.) திருவனந்தபுரத்துக்கு அருகே போத்தன்கோட்டில் உள்ள சிகிச்சை மையத்தில் தங்கியிருந்தார். மார்ச் 14 காலை ஆட்டோ ஏறிக் கோவளம் கடற்கரைக்குப் போனார். கைப்பேசியும் பாஸ்போர்ட்டும் அறையிலேயே இருந்தன. ஏப்ரல் 20 அன்று வாழமுட்டத்தில் ஆற்றங்கரைச் சதுப்புக்காட்டுக்குள் அழுகிய நிலையில் உடல் கிடைத்தது. இடையில் 37 நாள்கள். ஆட்டோக்காரர் அவரை இறக்கிவிட்ட இடத்துக்கும் உடல் கிடந்த இடத்துக்கும் சில கிலோமீட்டர்தான்.

அந்த 37 நாள்களில் நடந்தவற்றைப் படிக்கையில் எரிச்சல்தான் வருகிறது. சகோதரி தாமதிக்கவில்லை, உடனே புகார் கொடுத்தார். சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பெண், மனநிலை சரியில்லாதவர் வேறு. எங்காவது போயிருப்பார், தானாகத் திரும்பி வருவார் என்ற எண்ணத்திலேயே தொடக்க நாள்கள் கழிந்தன என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. சகோதரியும் அந்தப் பெண்ணின் துணைவரும் தாங்களே சுவரொட்டி அச்சடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள், சன்மானம் அறிவித்தார்கள், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். கேரளத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடல் நடந்தபோது தேட வேண்டிய இடம் கோவளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் போலப் பழகி அவரை அழைத்துப் போன உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதுவரை சகோதரி ஓயவில்லை. அப்படியொரு சகோதரி இல்லாதிருந்தால், அடையாளம் தெரியாத பெண் சடலம் என்ற ஒரு வரியோடு இந்தக் கோப்பு மூடப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

மறு ஆண்டே அதே நகரில் இன்னொன்று. ஜெர்மானியப் பெண் ஒருவர் 2019 மார்ச் 7 அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கினார். உடன் வந்த பிரிட்டிஷ்காரர் அதே மாதம் திரும்பிப் போய்விட்டார். மகளிடமிருந்து தகவல் இல்லை என்று தாய் கொடுத்த புகார் தூதரகம் வழியாகக் கேரளக் காவல்துறையை அடைந்தபோது ஜூன் கடைசி. ஜூலையில் இன்டர்போல் மஞ்சள் அறிவிப்பு வெளியிட்டது. காணாமல் போனவர்களைத் தேடுவதற்கான அறிவிப்பு அது, இந்தியாவில் சி.பி.ஐ. வழியாகத்தான் போகும். குடியேற்றப் படிவத்தில் அவர் எழுதியிருந்த முகவரி கொல்லம் மாவட்டம் அமிர்தபுரி ஆசிரமம். அங்கே அவர் வரவேயில்லை என்றது ஆசிரமம். புகாருக்கு முன்பே மூன்று மாதத்துக்கு மேல் போய்விட்டது. கையிலிருந்த ஒரே முகவரியும் உதவவில்லை. மஞ்சள் அறிவிப்பு 190-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகும். எந்தத் தெருவிலிருந்து தேடத் தொடங்குவது என்பதை அது சொல்லாது.

இதற்கு நேர்மாறான ஒன்று நியூசிலாந்தில் நடந்தது. கிரேஸ் மிலேன் என்ற பிரிட்டிஷ் இளம்பெண் 2018 டிசம்பர் 1 இரவு ஆக்லாந்தில் காணாமல் போனார். மறுநாள் அவருக்கு 22-ஆவது பிறந்தநாள். வீட்டிலிருந்து போன வாழ்த்துகளுக்குப் பதில் இல்லை. பிறந்தநாளன்று பதில் போடாத பெண்ணல்ல என்பது குடும்பத்துக்குத் தெரியும். டிசம்பர் 5 அன்று புகார், 8 அன்று ஒருவன் மீது குற்றச்சாட்டு, 9 அன்று வைடாக்கெரே மலைப்பகுதியில் உடல். அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் குடும்பத்திடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த நவம்பருக்குள் கொலையாளிக்கு எதிராகத் தீர்ப்பும் வந்துவிட்டது. கவனித்ததால் அவர் பிழைத்துவிடவில்லை. ஆனால் விடுதியிலும் தெருவிலும் இருந்த கேமராப் பதிவுகள் அழியும் முன் கைப்பற்றப்பட்டன. நம்மூர் லாட்ஜில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டி பதினைந்து நாளோ ஒரு மாதமோ போனால் பழைய பதிவின் மேலேயே புதியதை ஏற்றிவிடும். மூன்றாம் மாதம் போய்க் கேட்டால் லாட்ஜ்காரர் கையை விரிப்பார்; அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இது அந்நியமான விஷயமல்ல. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில்லுக்கு அரை நூற்றாண்டாக வெளிநாட்டுப் பெண்கள் தனியாக வந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கென்று தனிக் காவல் நிலையமே உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய படிவத்தை இணையத்தில் பதிய வேண்டியது தங்குமிடம் கொடுப்பவரின் பொறுப்பு. பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போகிறார் என்பதெல்லாம் அதில் உண்டு. அலுத்துக்கொண்டே நிரப்பப்படும் அந்தக் கடைசிக் கட்டம்தான், ஒருவேளை அவர் காணாமல் போனால், தேடலின் முதல் வரி. முறையான விருந்தினர் விடுதிகள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. முந்திரித்தோப்பு நடுவே மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுபவர்கள் எல்லாரும் செய்கிறார்களா என்பது வேறு கதை. படிவத்தில் ஏறாத பெண் அந்த ஊரில் தங்கியதற்குக் காகிதச் சாட்சி இல்லை.

எச்சரிக்கை ஒரு பெண்ணை எந்த அளவுக்குக் காக்கும் என்று கேட்பவர்கள் விழுப்புரம் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைப் படிக்கலாம். 2021 பிப்ரவரியில் முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது, அன்றைய சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னிடம் பாலியல் சீண்டலில் ஈடுபட்டதாக ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி புகார் கொடுக்கப் புறப்பட்டார். சென்னை போகும் வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் அவர் காரைப் போலீசாரே மறித்தார்கள். கார் சாவியைப் பறித்தார்கள். சீருடை, பதவி, வாகனம், ஓட்டுநர், சட்டம் பற்றிய முழு அறிவு எல்லாம் உள்ள பெண் அவர். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது, மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் முதன்மை அமர்வு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்ய, வழக்கு மேல் நீதிமன்றங்களுக்குப் போனது. மேம்பாலத்தடியில் நிற்கும் பெண்ணுக்கு நாம் சொல்லும் அறிவுரைப் பட்டியலில் எந்த வரி இந்த அதிகாரிக்கு உதவியிருக்கும்?

இனி மூன்றாமவளிடம் வருவோம். எண்ணிக்கையில் அதிகம் இவளைப் போன்றவர்கள், செய்தியில் குறைவு.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி 40-க்கும் மேற்பட்ட இந்தியர் இறந்தனர். தமிழர் ஏழு பேர். அவர்களில் ஒருவர் செஞ்சிக்காரர். ஜூன் 14 அன்று விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்துசேர்ந்தன. அவ்வளவு பெரிய விபத்திலும் இரண்டு நாளில் யார் யார் என்று சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம் எளிமையானது: ஒரே கம்பெனி, ஒரே கட்டடம், ஆள்பட்டியல் இருந்தது. எந்த அறையில் எந்த ஊர்க்காரர் படுத்திருந்தார் என்று சொல்லப் பக்கத்து அறைக்காரர் இருந்தார்.

கத்தாமா என்னும் வீட்டுவேலைக்குப் போன பெண்ணுக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. பக்கத்து அறையும் கிடையாது. அவள் வேலை செய்யும் இடம் ஒரு குடும்பத்தின் வீடு. அங்கே தொழிலாளர் ஆய்வாளர் திடீரென்று நுழைய முடியாது. விசா, முதலாளியாகிய கஃபீலின் பெயரோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம் என்று அந்நாடுகளே சொல்கின்றன. வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டால் ஊரோடு உறவு அன்றோடு முடிந்தது. கொடுமை தாங்காமல் அவள் வாசலைத் தாண்டினால், வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று கஃபீல் பதிவு செய்துவிடலாம். அந்த நிமிடத்திலிருந்து அவள் தேடப்பட வேண்டிய பெண் அல்ல, பிடிக்கப்பட வேண்டிய பெண்.

2015-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ரியாத்துக்கு வீட்டுவேலைக்குப் போன நடுவயதுப் பெண் வலக்கை இழந்து திரும்பினார். முதலாளி தரப்பு வெட்டியது என்றார் அவர். மாடியிலிருந்து தப்பும்போது விழுந்து அடிபட்டது என்றது சவூதி தரப்பு. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் வெளிப்படையாகக் கண்டித்ததால் நாடு முழுக்கத் தெரிந்தது. கை போன பிறகுதான் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்திரவதை நடந்த வாரங்களில் அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்கும் அதிகாரம் உள்ளவர் யாரும் அந்தக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

இலங்கையில் மூதூர் ரிசானா நபீக்கின் கதை இதைவிடக் கொடியது. 1988-இல் பிறந்தவரை 1982-இல் பிறந்ததாகக் காட்டிப் பாஸ்போர்ட் எடுத்து 2005-இல் சவூதிக்கு அனுப்பியது முகவர் கும்பல். போன சில வாரங்களில் அவர் கவனிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சுமத்தப்பட்டபோது அவருக்கு வயது 17, பாஸ்போர்ட்படி 23. தாளில் இருந்த வயதே நின்றது. 2013 ஜனவரி 9 அன்று தலை துண்டிக்கப்பட்டது. பெண்ணுக்குக் காவலாக இருக்க வேண்டிய தாள், ஏஜென்ட் கைபட்டதும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இந்தியச் சட்டத்தில் காப்புகள் இல்லாமலில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு வயது 30 நிரம்பியிருக்க வேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து இப்பெண்களைத் தனியார் ஏஜென்ட்கள் அனுப்ப முடியாது. மாநில அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முறையாக அனுமதி பெற்றுப் போனால் 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு.

தாளில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஊரில் நடப்பது வேறு. சப்-ஏஜென்ட் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, முன்பு போய்வந்த பெண்ணாகவோ இருப்பார். அனுமதி என்று அலைந்தால் மாதக்கணக்காகும், விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார். சுற்றுலாப் பயணியாக துபாயிலோ ஷார்ஜாவிலோ இறங்கும் பெண், அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றப்படும்போது இந்திய அரசின் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியாக இருக்க மாட்டாள். காப்பீடு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, தூதரகத்தில் கஃபீல் பெயர் கிடையாது. ஆக, ஏட்டளவில் அவளும் தனியாகப் பயணிக்கும் சுற்றுலாப் பெண்தான்.

வயது வரம்பும் தடையும் இந்தப் பொந்தைப் பெரிதாக்குகின்றன என்பதற்கு அண்டை நாட்டில் சான்று இருக்கிறது. 2012-இல் நேபாளம் 30 வயதுக்குட்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகத் தடை விதித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் போவது நிற்கவில்லை, இந்தியா வழியாகவும் வேறு மறைவழிகளிலும் போகிறார்கள் என்று காட்டியது. ரிசானாவின் மரணத்துக்குப் பின் இலங்கையும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்தது. பல ஆண்டு விமர்சனத்துக்குப் பிறகு தளர்த்தியது. பெண்ணைப் போகவிடாமல் தடுப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கும் அரசுகள், போனவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளும் வேலையில் அதே அக்கறையைக் காட்டுவதில்லை.

பேச்சு நின்றுபோன பிறகு குடும்பம் என்ன செய்கிறது? முதல் வாரம் ரீசார்ஜ் இல்லாமலிருக்கும் என்று நினைக்கும். பிறகு ஏஜென்டைக் கேட்கும். "அந்த வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்க, வந்ததும் பேசுவா" என்பார் அவர். இந்த ஒரு பதில் இரண்டு மாதத்தை விழுங்கும். அடுத்தது உள்ளூர்க் காவல் நிலையம். "வெளிநாட்டு விஷயம், கலெக்டர் ஆபீசுக்குப் போங்க". திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர் நாள். வாசலில் மனு எழுதித் தருபவர் கேட்கும் கேள்விகள்தாம் இந்த விவகாரத்தின் உயிர்நிலை. பாஸ்போர்ட் நம்பர் என்ன? எந்த விசா? கஃபீல் பேர் என்ன? எந்த ஊர், எந்தத் தெரு? இக்காமா (குடியிருப்பு அனுமதி) நம்பர் இருக்கா? தாய்க்குத் தெரிந்த பதில் பெரும்பாலும் "குவைத்துங்க" என்பதோடு நின்றுவிடும். அவர் கைப்பேசியில் இருப்பது மகள் பர்தா போட்டு எடுத்த ஒரு படமும் இமோ செயலியில் வந்த சில குரல் செய்திகளும்.

இத்தனைக்கும் வேண்டியது எல்லாம் ஒரே தாளில் இருந்திருக்கும். விமானத்துக்கு முந்தின நாள் ஏஜென்ட் கையில் திணிக்கும் அந்த விசா நகலில் அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த கட்டங்கள். குவைத் என்றால் எந்தப் பிரிவு விசா என்று அதிலேயே இருக்கும். கம்பெனி வேலைக்கு 18, வீட்டுவேலைக்கு 20. துணிக்கடையில் வேலை என்று சொல்லி இருபதாம் நம்பர் விசா கொடுத்திருந்தால் மோசடி அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். அருகில் கஃபீலின் பெயரும் அவருடைய சிவில் ஐ.டி. எண்ணும். அந்த எண் ஒன்று போதும், தூதரகம் குவைத் அதிகாரிகளிடம் எந்த வீடு என்று கேட்க. ஆனால் அந்தத் தாள் பெண்ணோடு விமானம் ஏறிப்போகிறது. வீட்டில் நகல் இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் விஷயம் என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

வெளியுறவு அமைச்சகம் 2015 பிப்ரவரியில் தொடங்கிய 'மதத்' இணையதளமோ, மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையோ கேட்பதும் இவற்றைத்தான். எண் கொடுத்தவரின் மனு நகர்கிறது; எண் இல்லாதவரின் மனு 'மேலும் விவரம் தேவை' என்று திரும்புகிறது. அலுவலரைக் குறைசொல்லியும் பயனில்லை, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாடு முழுக்கத் தேட முடியாது.

கூட இருப்பவர் கணக்கெடுப்பதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை இதே மாநிலம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதி உணவால் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அறைக்குத் திரும்பாத தோழிகள் எங்கே என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிகிச்சையில் இருந்தவர்களைக் காணொளி அழைப்பில் காட்டிய பிறகே பேச்சு நகர்ந்தது. வதந்தி பொய்யாகப் போனது. பக்கத்துப் படுக்கை காலியாக இருப்பதைத் தோழிகள் கவனித்தார்கள் என்பது பொய்யாகவில்லை. வளைகுடாவில் தனி வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இல்லாதது இந்தப் பக்கத்துப் படுக்கைதான்.

வெளிநாட்டில் இருப்பவர் கேட்டதால் விழுப்புரத்தில் ஒரு கதவு திறந்த கதையும் உண்டு. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2021 டிசம்பரில் சேர்க்கப்பட்ட முதியவரை, அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் பார்க்கப் போனார். ஆள் இல்லை. பெங்களூரில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது 140-க்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது, பலரைக் காணவில்லை என்பதும், பெண்கள் மீதான வன்கொடுமைப் புகார்களும் வெளிவந்தன, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒருவரைத் தேடி ஒருவர் வராதிருந்தால், அத்தனை பேர் இருந்ததும் இல்லாமல் போனதும் யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தேட ஆளில்லாதவர்கள்.

சட்டத்துக்கு வருவோம். 'வெளிநாட்டு விஷயம்' என்று காவல் நிலையம் தட்டிக்கழிப்பதற்கு நியாயம் குறைவு. குற்றத்தின் முதல் பாதி இங்கேதான் நடந்திருக்கிறது. ஆசை காட்டியது, பணம் வாங்கியது, பொய் விசாவில் அனுப்பியது எல்லாம் திண்டிவனத்திலோ வானூரிலோ நடந்தவை. பதிவு பெறாமல் ஆள் அனுப்புவது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி குற்றம். ஏமாற்றிச் சுரண்டலுக்கு அனுப்பினால் ஆள் கடத்தல், பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவு. எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லிப் புகாரை மறுக்க முடியாதபடி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறையை எழுத்திலேயே வைத்துவிட்டது. குடிபெயர்வுச் சட்டத்தின் தண்டனைதான் சிரிப்பை வரவழைக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். பதிவு பெற்ற முகவரே ஒருவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணமாக வாங்கலாம் என்னும்போது, இரண்டாயிரம் ரூபாய்க்கு எந்த சப்-ஏஜென்ட் பயப்படுவார்?

நடைமுறையில் குடும்பம் வாங்கி வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுதான். அதை வழக்குப் பதிவானதாகவே நினைத்துக்கொண்டு பத்திரப்படுத்துகிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தேடுதல் நோட்டீஸ் நகர்வது அரிது. ரசீது கொடுத்தவருக்கு இது தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது.

ஆண்டுகள் போகின்றன. பிள்ளைகளுக்கு வாரிசுச் சான்று வேண்டும், நிலத்தில் அவள் பங்கு இருக்கிறது, ஒரு எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர்மேல் போகும். இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆக இருந்த இந்தப் பிரிவு இப்போது சாக்ஷ்ய அதினியத்தில் 111. இறந்தார் என்ற அனுமானம்தான் கிடைக்கும்; எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அந்தப் பிரிவு தராது என்று 2004-இல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. காணாமல் போனவரின் பாலிசிக்கு இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டால் அது காலாவதியாகிவிடும். காணாமல் போன அன்றே இறந்துவிட்டார் என்று பிறகு வாதாட முடியாது. மகளைக் காணாத தாய் அவள் பெயரில் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் அப்படியொரு வழக்குப் போட்டால் முதலில் எழும் கேள்வி, கடைசியாக என்றைக்குப் பேசினீர்கள் என்பது. போன் இரண்டு முறை மாறியிருக்கும், இமோவில் பழைய அழைப்புகள் இருக்காது. ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த மாதங்களுக்கு எந்த எழுத்தும் இல்லை. வெறும் மனு ரசீதுதான் என்றாலும், முதல் புகாருக்கு நிலையத்தில் போட்டுக் கொடுத்த அந்த சி.எஸ்.ஆர். தேதியைத்தான் வழக்கறிஞர் முதலில் தேடுவார். அதுவும் வாங்காத குடும்பம் ஏழு ஆண்டை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதையே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.